மாடிப்படிக்குக் கீழே ஒன்பது டின்

(வாசகர் கேள்விகளுக்கு ஓர் ஓய்வுபெற்ற பெயின்டரின் பதில்கள்)

கேள்வி: வீட்டுக்குப் பெயின்ட் அடித்து நான்கு வருடம் ஆகிறது. மிச்சமான டின்களை மாடிப்படிக்குக் கீழே போட்டு வைத்தோம். நேற்று எண்ணிப் பார்த்தேன், ஒன்பது. சிலவற்றில் லேபிளே இல்லை. கழிவறையில் ஊற்றித் தண்ணீர் விட்டால் போயிற்று என்கிறார் கணவர். தோட்டத்தில் குழி வெட்டிப் புதைத்துவிடு என்கிறார் மாமியார். யார் சொல்வதைக் கேட்பது ஐயா?

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கேட்காதீர்கள் அம்மா. வீட்டில் பேச்சு வந்தால் பழியை என் மேல் போட்டுவிடுங்கள்.

சுவருக்கு அடிக்கிற எமல்ஷன் என்பது நிறப்பொடியும் பிசினும் தண்ணீரில் மிதக்கிற சமாசாரம். தண்ணீர் வற்றியதும் பிசின் இறுகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டுகிற இடம் சுவரா, கழிவுக் குழாயா என்று அது பார்ப்பதில்லை. டின்னுக்குள் கெட்டுப்போகாமல் இருக்கக் கிருமிக்கொல்லியும் கொஞ்சம் கலந்திருப்பார்கள். டின் டின்னாக ஊற்றினால் செப்டிக் டேங்கில் கழிவை மக்க வைக்கிற நுண்ணுயிர்களுக்கு அது ஆகாது. மழைநீர் வாய்க்காலில் ஊற்றுவது இன்னும் மோசம். பெரும்பாலும் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நேரே ஆற்றுக்குப் போய்விடும். புதைத்தாலோ, டின் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, உள்ளே இருப்பது மெதுவாக மண்ணுக்குள் இறங்கும். அப்புறம் அதை யாராலும் திருப்பி எடுக்க முடியாது.

முதல் வேலை, ஒன்பதையும் இரண்டு கூட்டமாகப் பிரிப்பது. லேபிள் இருந்தால் பிரஷ்ஷை எதில் கழுவச் சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள். தண்ணீர் என்றால் எமல்ஷன் வகை, டர்பன்டைன் என்றால் கதவு ஜன்னலுக்கு அடிக்கிற, எண்ணெய் சார்ந்த எனாமல் வகை. லேபிள் இல்லாததற்கு நான் செய்வது இதுதான்: வேண்டாத பழைய டம்ளரில் தண்ணீர் எடுத்து, குச்சி நுனியில் ஒரு சொட்டு பெயின்டை விட்டுக் கலக்குவேன். தண்ணீர் முழுக்க நிறம் பரவிக் கலங்கினால் எமல்ஷன். எண்ணெய்போல் மிதந்தாலோ, திரிதிரியாகக் குச்சியில் சுற்றிக்கொண்டாலோ எனாமல். டம்ளரை அதற்கப்புறம் வேறு எதற்கும் எடுக்கக் கூடாது.

அடுத்தது, எமல்ஷன் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது. மூடியைத் திறந்ததும் அழுகல் நாற்றம் மூக்கில் அடித்தால் நுண்ணுயிர் புகுந்துவிட்டது, அதைச் சுவரில் அடிக்க வேண்டாம். மேலே ஆடை மட்டும் படிந்திருந்தால் அதை வெட்டி எடுத்துவிட்டு, அடிவரை கலக்கி, பழைய செய்தித்தாளில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். வழவழவென்று வந்தால் நல்ல பெயின்ட்தான். சின்னச் சின்னக் கட்டி இருந்தால் வலைத்துணியில் வடிகட்டலாம். நல்லது எல்லாவற்றையும், எமல்ஷனோடு எமல்ஷன் மட்டும், ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துவிடுங்கள். என்ன நிறம் வரும் என்று கேட்காதீர்கள். பெரும்பாலும் மழைக்கால மேகத்தின் நிறம்தான் வரும். சாமான் அறைக்கு உள்பக்கம் அடிக்க அது போதாதா? தீர்த்துவிடுவதைவிடச் சிறந்த அப்புறப்படுத்தல் எதுவும் இல்லை.

அழுகியதையும் கட்டி தட்டியதையும் காய வைத்துத்தான் எறிய வேண்டும். இதில் நானே ஏமாந்திருக்கிறேன். கால் டின் எமல்ஷனை மூடி திறந்து ஒரு மாதம் வெயிலில் வைத்தேன். தட்டினால் 'டக்' என்று கேட்டது, காய்ந்துவிட்டது என்று நினைத்து ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன். மேலே அரை விரல் தடிமனுக்குத்தான் கெட்டி. அடியில் இருந்தது அப்படியே குபுக்கென்று வந்து சட்டையில் இறங்கியது. மேலே படிகிற ஆடைதான் மூடிபோல் இருந்து உள்ளே காயவிடாமல் தடுக்கிறது. அதனால் டின்னோடு காய வைக்காதீர்கள். ஓர் அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் விரித்து, மணலோ மரத்தூளோ கொட்டி, பெயின்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசறுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சொட்டாமல் பொலபொலவென்று உதிரும் பதம் வர வேண்டும். மழை படாத, குழந்தையும் நாயும் எட்டாத, காற்றோட்டமான இடத்தில் சில நாள் விட்டால் கல்லாகிவிடும். இறுகிய எமல்ஷனைப் பல ஊர்களில் சாதாரணக் குப்பையிலேயே வாங்கிக்கொள்வார்கள். உங்கள் ஊர் விதியை மட்டும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

எனாமல் டின்களுக்கு இந்த வைத்தியம் செல்லாது. அதிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் இல்லை, தீப்பிடிக்கிற கரைப்பான். மரத்தூளில் கொட்டவே கொட்டாதீர்கள், காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது. மூடியை மரக்கட்டை வைத்துத் தட்டி இறுக்கி, மேலே 'எனாமல்' என்று எழுதி, அடுப்புக்கும் ஸ்விட்ச் போர்டுக்கும் தள்ளி நிமிர்த்தி வையுங்கள். வீட்டு அபாயக் கழிவைத் தனியாக வாங்கும் நாளோ இடமோ உங்கள் ஊரில் எது என்று விசாரித்து அங்கே கொடுங்கள். அதுவரை படிக்குக் கீழே வேண்டாம் அம்மா. தீ என்று வந்தால் நீங்கள் இறங்கி ஓட வேண்டிய வழி அது.

கேள்வி: கதவுக்கு எனாமல் அடித்தபின் துடைத்த துணிகளை ஒரு பையில் கட்டிக் குப்பையில் போட்டேன். அது தானாகவே தீப்பிடிக்கும் என்று நண்பர் பயமுறுத்துகிறார். உண்மையா?

பதில்: உண்மை. நான் கண்ணால் பார்த்தது. வேலை கற்றுக்கொண்ட காலத்தில், ஆளி எண்ணெய் தேய்த்த துணிகளை ஒரு மூலையில் குவித்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது கருகல் வாசனை. குவியலுக்குள் கையை விட்டேன், சுட்டுக்கொண்டு வெளியே இழுத்தேன். மேல் துணி நன்றாகத்தான் இருந்தது, நடுவில் இருந்தது பழுப்பேறிப் புகைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் தீக்குச்சிகூடக் கிடையாது.

ஆளி எண்ணெய், எண்ணெய் சார்ந்த எனாமல், வார்னிஷ் எல்லாம் 'காய்வது' வெறும் ஆவியாதல் இல்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு இறுகுகின்றன. அப்போது சூடு பிறக்கும். சுவரில் மெல்லிசாக இருப்பதால் அந்தச் சூடு தெரியாமல் போய்விடும். கசங்கிய துணிக்குவியலில் அது வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். மரத்தூளுக்கும் இதே கதைதான்.

துணியை வெளியே, ஒன்றன்மேல் ஒன்று படாமல், தனித்தனியாக விரித்துக் காய விடுங்கள். விறைப்பானால் ஆபத்து போய்விட்டது. இடமில்லையென்றால் மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் முழுக்க அமிழ்த்தி மூடி, அபாயக் கழிவோடு கொடுங்கள். பையில் கட்டுவதுதான் இருப்பதிலேயே தவறான வழி.

கேள்வி: பிரஷ் கழுவிய டர்பன்டைனை எங்கே கொட்டுவது?

பதில்: எங்கேயும் கொட்ட வேண்டாம். மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் ஊற்றிச் சில நாள் ஆட்டாமல் வையுங்கள். நிறப்பொடி அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்து நிற்பதை வடித்து அடுத்த முறை பிரஷ் கழுவ எடுக்கலாம். அடி வண்டல் எனாமல் டின்களோடு போகட்டும். பழைய குளிர்பான பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள், தாகத்தில் யாராவது எடுத்துக் குடித்துவிடுவார்கள்.

கேள்வி: தாத்தா காலத்து மஞ்சள் எனாமல் ஒரு டின் இருக்கிறது. கலக்கினால் இன்னும் நன்றாகவே இருக்கிறது. ஜன்னலுக்கு அடிக்கலாமா?

பதில்: கூடாது. அந்தக் காலப் பளிச் மஞ்சளுக்குப் பெரும்பாலும் ஈயக் குரோமேட்தான் போடுவார்கள். பெயின்டில் ஈயம் 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் பரிந்துரை. பழைய பெயின்ட்களில் அதைப்போலப் பல நூறு மடங்கு இருந்ததுண்டு. உதிரும் செதிலைக் குழந்தை வாயில் போட்டால் பாதிப்பு மூளைக்கு. மூடியை இறுக்கி, 'ஈயம் இருக்கலாம்' என்று எழுதி ஒப்படைத்துவிடுங்கள். அதே பெயின்ட் ஏற்கெனவே ஜன்னலில் இருந்தால் உப்புத்தாள் போட்டு ஈரமில்லாமல் தேய்க்காதீர்கள், தூசிதான் எமன். எப்படி எடுப்பது என்று அடுத்த இதழில் விரிவாக எழுதுகிறேன்.