வரிசையைத் தாண்டிப் போனால் தப்பா?

கேள்வி: அண்ணன் மகனுக்கு 13 வயது, வீல்சேரில்தான் இருக்கிறான். மே லீவில் சென்னையில் தீம் பார்க் கூட்டிப் போகிறோம். போன வருஷம் திருநெல்வேலி பொருட்காட்சியில் அவனை முன்னால் விடச் சொன்னதற்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க, “வேண்டாம் அத்தை, வீட்டுக்குப் போவோம்” என்றுவிட்டான். நாங்கள் செய்தது தப்பா? எந்த ரைடில் ஏற்றுவார்கள்?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: தப்பே இல்லைம்மா, இதை முதலில் அவனிடம் சொல்லுங்கள். வரிசைக்கென்று வளைத்து வளைத்துப் போடுகிற கம்பித் தடுப்பு ஆள் நடக்கிற அகலத்துக்குத்தான் இருக்கும். என் தம்பியோடு ஒரு ராட்டினத்துக்குப் போனபோது, இரண்டாவது வளைவில் வீல்சேரின் கால்பலகை கம்பியில் மாட்டிக்கொண்டது, முன்னாலும் போகாது பின்னாலும் வராது, கடைசியில் நாலு பேர் நாற்காலியோடு அவனைத் தலைக்கு மேல் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். நல்ல மனசுக்காரர்கள்தான். ஆனால் கீழே இறக்கும்வரை தம்பி கண்ணைத் திறக்கவே இல்லை.

டிஸ்னி பூங்காக்களில், வீல்சேர் போக முடியாத வரிசை என்றால் மற்றவர்கள் காத்திருக்கிற அதே நேரத்தைக் கணக்குப் பண்ணி, ‘இத்தனை மணிக்கு வாருங்கள்’ என்று குறித்துக் கொடுக்கிறார்கள். நீங்களும் அப்படியே கேளுங்கள். அவனும் காத்திருக்கத்தான் செய்கிறான், நிழலில் இருந்து காத்திருக்கிறான், அவ்வளவுதான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் இடங்களுக்கும் பொருந்தும், அதனால் கெஞ்ச வேண்டியதில்லை.

ரைடு விஷயம் வேறு. நாற்காலியிலிருந்து ரைடு சீட்டுக்குத் தூக்கி உட்காரவைப்பது பெரும்பாலும் நம் வீட்டு ஆட்களின் வேலை, ஊழியர்கள் தூக்க மாட்டார்கள், ஆகவே தூக்கிப் பழகிய ஒருவர் கூட வரட்டும். ரோலர் கோஸ்டர் பாதியில் நின்றுபோனால் படியில் நடந்து இறங்க வேண்டியிருக்கும். அதற்காக மறுத்தால் சண்டை போடாதீர்கள். ஆனால் வீல்சேரைப் பார்த்ததுமே ‘எதிலும் முடியாது’ என்றால் விடக் கூடாது, ஒவ்வொரு ரைடுக்கும் என்ன விதி என்று கேட்க வேண்டும். முன்கூட்டியே போன் பண்ணிக் கேட்டுவிட்டால் அங்கே போய் அவன் முகம் வாட வேண்டியதில்லை. அமெரிக்காவில் சான் அன்டோனியோ ஊரில் 2010-ல் இந்தப் பிள்ளைகளை மனதில் வைத்தே ஒரு பூங்கா கட்டினார்கள், ராட்டினத்தில் வீல்சேரோடு அப்படியே ஏறலாம். நம் பக்கம் அது எப்போது வருமோ என்று ஏக்கமாகத்தான் இருக்கிறது.

யுடிஐடி அட்டையின் (மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தருகிற அடையாள அட்டை) அசலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், மே வெயிலில் சக்கரத்தின் கைப்பிடி வளையம் தொட முடியாமல் சுடும், ஈரத்துண்டு ஒன்று போட்டு வையுங்கள். டிக்கெட்டை அவன் கையிலேயே கொடுங்கள், ரைடுக்காரரிடம் அவனே பேசட்டும்.