பத்து நிமிட ‘அமெரிக்கா’

அன்புள்ள ஆசிரியருக்கு,

சைமன் அண்ட் கார்ஃபங்கல் என்ற பாடகர் ஜோடியின் ‘அமெரிக்கா’ எனக்கு மிகவும் பிடித்த பாட்டு. மூன்றரை நிமிடம்தான். யெஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவும் அதைப் பாடியிருக்கிறது என்று நண்பர் சொன்னதால் தேடிக் கேட்டேன். பத்து நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. பாடத் தொடங்குவதற்குள் எனக்கு அலுத்துவிட்டது. நன்றாக இருக்கிற ஒரு பாப் பாட்டை நீளமான, சிக்கலான வாசிப்புக்குப் பேர்போன ப்ராக்ரஸிவ் ராக்காரர்கள் எடுத்து ஏன் இப்படி இழுக்கிறார்கள்? தங்களுக்கு வாசிக்கத் தெரியும் என்று காட்டிக்கொள்வதைத் தவிர இதில் என்ன இருக்கிறது?

எஸ்.கே.

அன்புள்ள எஸ்.கே.,

காட்டிக்கொள்ளும் ஆசை அவர்களிடம் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். யெஸ்ஸின் ஸ்டீவ் ஹோவின் கையில் கிட்டார் இருந்தால் அது சும்மா இருக்காது. ஆனால் அது மட்டும்தான் என்றால் இந்தப் பாட்டை இத்தனை வருடம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன்.

ப்ராக்ரஸிவ் ராக் பாப் இசைக்கு வெளியே பிறந்ததில்லை. பாப் பாட்டுகளைப் பிரித்துப் பிரித்து வாசித்துத்தான் அது தன் வழியைக் கண்டுபிடித்தது. யெஸ்ஸின் 1969ஆம் வருட முதல் ஆல்பத்திலேயே பேர்ட்ஸ் குழுவின் பாட்டு ஒன்றும் பீட்டில்ஸ் பாட்டு ஒன்றும் இருக்கின்றன. அவர்களுக்கு முன்னோடி, நியூயார்க்கைச் சேர்ந்த வனில்லா ஃபட்ஜ் குழு. சுப்ரீம்ஸ் என்ற பெண்கள் குழு 1966இல் பாடி முதலிடம் பிடித்த ‘யூ கீப் மீ ஹேங்கின் ஆன்’ பாட்டை இவர்கள் 1967இல் எடுத்துப் கிட்டத்தட்டப் பாதி வேகத்துக்கு இறக்கிவிட்டார்கள்.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். சுப்ரீம்ஸ் பதிவில் தந்தி அடிப்பது மாதிரி ஒரே சுரத்தில் ஒரு கிட்டார் துடித்துக்கொண்டே இருக்கும். அவர்களின் பாடகி டயானா ராஸ் ‘என்னை விட்டுவிடு’ என்கிறார். தாளம் ஆடச் சொல்வதால் நாமும் ஆடிக்கொண்டே அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். வனில்லா ஃபட்ஜில் ஆர்கன் மெதுவாக ஏறுகிறது, கார்மைன் அப்பீஸின் டிரம்ஸ் இடி மாதிரி விழுகிறது, மார்க் ஸ்டைன் அதே வரியைக் கெஞ்சிக் கதறுகிறார். வார்த்தை அதேதான், மெட்டும் அதேதான். விட்டுப் போகவும் மாட்டேன், சேர்ந்து இருக்கவும் மாட்டேன் என்கிற ஒருவனிடம் மாட்டிக்கொண்ட வேதனை, அந்தப் பாட்டில் முதலிலிருந்தே இருந்ததுதான். வேகம் குறைந்ததும் வெளியே வந்துவிட்டது.

பீட்டில்ஸின் ‘ஹெல்ப்!’ பாட்டுக்கும் இதுதான் நடந்தது. டீப் பர்ப்பிள் குழுவினர் 1968இல் தங்கள் முதல் ஆல்பத்தில் அதை மந்தகதியில் பாடினார்கள். அதை எழுதிய ஜான் லெனனே 1970இல் ஒரு பேட்டியில், விற்க வேண்டும் என்று அதை அளவுக்கு மீறி வேகமாகப் பதிவு செய்துவிட்டோம் என்று குறைபட்டுக்கொண்டார். உதவி கேட்டுக் கூப்பிடுகிறவனின் பாட்டு அது. அதைத் துள்ளலாகவே கேட்டுப் பழகியவர்களுக்கு டீப் பர்ப்பிளின் பதிப்பு கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

சரி, ‘அமெரிக்கா’வுக்கு வருகிறேன். பால் சைமனின் பாட்டில் ஒரு பையனும் கேத்தி என்ற பெண்ணும் பிட்ஸ்பர்க்கில் பஸ் ஏறுகிறார்கள். மிச்சிகன் மாநிலத்துச் சாகினாவிலிருந்து வண்டி மறித்து ஏறி வரவே நான்கு நாள் ஆகியிருக்கிறது. மிச்சிகன் இப்போது கனவு மாதிரி இருக்கிறது என்கிறான். பஸ்ஸில் சிரிப்பு, விளையாட்டு, சிகரெட். அப்புறம் அவள் தூங்கியபின், தூங்குகிறாள் என்று தெரிந்தே, ‘நான் தொலைந்துபோய்விட்டேன்’ என்று அவளிடம் சொல்கிறான். 1968இல் வந்த மூலப் பதிவில் இந்த இடத்துக்கு நாம் மூன்று நிமிடத்துக்குள் வந்து சேர்ந்துவிடுகிறோம். யெஸ் 1972இல் செய்தது, அந்தக் கடைசிச் சரணத்துக்கு முன்னால் நீண்ட வாத்தியப் பயணம் ஒன்றை வைத்ததுதான். கிட்டார் ஓடுகிறது, திரும்புகிறது, கிராமத்து மெட்டு ஒன்றை எட்டிப் பார்க்கிறது, மறுபடி நெடுஞ்சாலையைப் பிடிக்கிறது. அவ்வளவு தூரம் போனபிறகு யெஸ்ஸின் பாடகர் ஜான் ஆண்டர்சன் கேத்தியைக் கூப்பிடும்போது, அவன் எவ்வளவு களைத்திருக்கிறான் என்று எனக்குத் தெரிகிறது. மூலத்தில் அந்தக் களைப்பை நானே ஊகித்துக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் கிறிஸ் ஸ்க்வையரின் பேஸ் கிட்டாரைக் கவனித்தீர்களா? ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ இசை நாடகத்தில் பெர்ன்ஸ்டைன் போட்ட இன்னொரு ‘அமெரிக்கா’வின் மெட்டு அதில் வந்துபோகும். நடுப்பகுதியில் ஒரு நிமிடத்தை வெட்டியிருக்கலாம் என்பதில் நான் உங்கள் பக்கம்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது இழுக்கிறவர்கள் இல்லை, அச்சு அசலாகப் பிரதி எடுக்கிறவர்கள். ஜெனிசிஸ் என்ற ப்ராக்ரஸிவ் ராக் குழுவிலிருந்து வந்த பில் காலின்ஸ் 2010இல் ‘கோயிங் பேக்’ ஆல்பத்துக்காக, சுப்ரீம்ஸ் பாடிய மோடவுன் நிறுவனத்தின் பதிவுகளில் வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் கலைஞர்கள் சிலரையே அழைத்துவந்து, அந்தப் பழைய ஒலியை அப்படியே திரும்பக் கொண்டுவரப் பார்த்தார். அந்தப் பாட்டுகள்மேல் அவருக்கு இருக்கும் பிரியம் ஒவ்வொரு பாட்டிலும் கேட்கிறது. ஆனால் கேட்டு முடித்ததும் கை தானாகவே அசலைத் தேடிப் போகிறது.

நீளம்தான் உங்களுக்குத் தடை என்றால் ஸ்டீவன் வில்சனிடமிருந்து தொடங்குங்கள். போர்க்குபைன் ட்ரீ என்ற ப்ராக்ரஸிவ் ராக் குழுவை நடத்தியவர், கால் மணி நேரப் பாட்டுகளுக்குப் பழகிய ஆள். அவர் 2003 முதல் 2010 வரை ‘கவர் வெர்ஷன்’ என்ற பெயரில் ஆறு சிங்கிள்கள் வெளியிட்டார். 2014இல் அவை ஒரே தொகுப்பாகவும் வந்தன. முதலாவதில் பாடகி அலானிஸ் மோரிசெட்டின் பாட்டு, அடுத்ததில் ஆபா (ABBA) குழுவின் ‘தி டே பிஃபோர் யூ கேம்’. இரண்டிலும் வித்தை காட்டுவதற்கான இடமே கிடையாது. ஆபா பாட்டில் ஒரு பெண் தன் சாதாரணமான ஒரு நாளை, ரயில் ஏறியது, அலுவலகம் போனது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவாள். வில்சன் குரலை உயர்த்தாமல் அதைப் பாடுகிறார். முதலில் இதைக் கேளுங்கள், பிறகு வனில்லா ஃபட்ஜ், அதற்குப் பிறகு யெஸ். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் எந்த இடத்தில் அலுத்தது என்று எழுதுங்கள், அதைப் பற்றிப் பேசுவோம்.