டிஸ்சார்ஜ் சம்மரியில் கிரேக்கம்

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற நோயியல் மருத்துவர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் ஆனது. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'லேப்ராஸ்கோப்பிக் கோலிசிஸ்டெக்டமி' என்று போட்டிருக்கிறார்கள். கல்லை மட்டும் எடுத்தார்களா, பையையே எடுத்துவிட்டார்களா?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: பையையே எடுத்துவிட்டார்கள் அம்மா. கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவைத்தால் மறுபடியும் கல் சேரும்.

இந்த மாதிரி ரயில்வண்டிச் சொற்களைக் கடைசிப் பெட்டியிலிருந்து படிக்க வேண்டும். 'எக்டமி' என்றால் வெட்டி வெளியே எடுப்பது. 'சிஸ்ட்' என்பது பை, 'கோலி' என்பது பித்தம். முன்னால் நிற்கும் 'லேப்பரா' விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவே எலும்பில்லாத மெத்தென்ற இடம், 'ஸ்கோப்' பார்ப்பது. அத்தனையும் கிரேக்கம். வயிற்றில் சின்னத் துளை போட்டு, உள்ளே கேமரா விட்டுப் பார்த்துக்கொண்டே எடுத்திருக்கிறார்கள்.

கடைசிப் பெட்டியில் நாலு எழுத்து மாறினாலும் விஷயமே வேறு. 'காஸ்ட்ரெக்டமி' என்றால் இரைப்பையில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ எடுப்பது. 'காஸ்ட்ராஸ்டமி' என்றால் இரைப்பைக்கு வெளியிலிருந்து ஒரு வழி போட்டு, சாப்பாடு செலுத்த ட்யூப் வைப்பது. 'ஸ்டோமா' கிரேக்கத்தில் வாய். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்தக் கடைசிப் பகுதியை டாக்டரிடம் காட்டி, எடுக்கிறீர்களா, துளை போடுகிறீர்களா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

அப்புறம், அம்மாவின் கல்லைச் சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்திருந்தால் எடுத்துப் பாருங்கள். வெளிர்மஞ்சளாக இருந்தால் அது பெரும்பாலும் கொலஸ்ட்ரால். அந்தப் பொருளை முதலில் பிரித்தெடுத்ததே பித்தக்கல்லிலிருந்துதான். அதனால்தான் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரூல் பித்தத்துக்கான 'கோலே', கெட்டியானது என்று பொருள்படும் 'ஸ்டீரியோஸ்' இரண்டையும் சேர்த்து 'கொலஸ்டரின்' என்று பெயர் வைத்தார். அது ஆல்கஹால் வகை என்று 1859-இல் பெர்த்தலோ என்ற இன்னொரு பிரெஞ்சு வேதியியலாளர் காட்டியபின் வால் 'ஆல்' ஆனது. பெயரில் பித்தம் இருக்கிறதே என்று 'பித்தம் குறைக்கும்' கஷாயம் குடித்துக்கொண்டு கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்யாதீர்கள்.

கேள்வி: நர்சிங் முதலாண்டு படிக்கிறேன். ஹைப்போகலீமியா, ஹைப்பர்கலீமியா இரண்டும் குழம்புகின்றன. எப்படி நினைவில் வைப்பது?
- ஒரு மாணவி, திருநெல்வேலி

பதில்: 'ஹைப்போ' கீழே, 'ஹைப்பர்' மேலே. 'ஈமியா' ரத்தத்தில். நடுவில் இருக்கும் 'கலி' மட்டும் கிரேக்கம் இல்லை. செடிச் சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அது பொட்டாசியம். வழக்கமான அளவு லிட்டருக்குச் சுமார் 3.5 முதல் 5 மில்லிமோல்.

பரீட்சைக்கு இது போதும் தங்கச்சி. ஆனால் வார்டுக்குப் போனபின் போனில் இந்தச் சொற்களைச் சொல்லவே சொல்லாதே. கரகரக்கும் லைனில் இரண்டும் ஒரே மாதிரி கேட்கும், வைத்தியமோ நேரெதிர். ஏற்கெனவே கூடியிருக்கிறவருக்குப் பொட்டாசியம் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். "பொட்டாசியம் இரண்டு புள்ளி எட்டு, கம்மி" என்று எண்ணோடு சொல். எதிர்முனையில் இருப்பவரைத் திருப்பிச் சொல்லவும் சொல்.

கேள்வி: 'ஆர்ட்டரி' என்றால் காற்றுக்குழாய் என்று ஒருவர் சொன்னார். ரத்தம்தானே ஓடுகிறது?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: ரத்தம்தான். செத்த உடலை அறுத்துப் பார்த்தால் தமனிகள் பெரும்பாலும் காலியாக இருக்கும். அதனால் பழைய கிரேக்க மருத்துவர்கள் அதில் காற்று ஓடுவதாக நினைத்தார்கள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கேலன் என்ற கிரேக்க மருத்துவர் உயிருள்ள விலங்கின் தமனியை இரண்டு இடத்தில் கட்டி, நடுவில் கீறி, உள்ளே ரத்தம் இருப்பதைக் காட்டினார். பெயர் மட்டும் மாறவில்லை. நிஜமான காற்றுக்குழாய்க்கு அவர்கள் சொன்னது 'ட்ரக்கேயா ஆர்ட்டீரியா', அதாவது சொரசொரப்பான ஆர்ட்டரி. குரல்வளைக்குக் கீழே விரலை வைத்தால் அந்தச் சொரசொரப்பைத் தரும் வளையங்கள் தட்டுப்படும். காலப்போக்கில் 'ஆர்ட்டீரியா' உதிர்ந்துபோய், மூச்சுக்குழாய்க்கு வெறும் 'சொரசொரப்பு' என்பதே பெயராகிவிட்டது.