சட்டம் கேளுங்கள்: சி.எஸ்.ஆர். ரசீது எஃப்.ஐ.ஆர். ஆகுமா?

கேள்வி: ஊர்த்தெரு வழியாக பைக்கில் போனான் என்பதற்காக என் மகனை மூன்று பேர் சாதியைச் சொல்லித் திட்டி அடித்துவிட்டார்கள். ஸ்டேஷனில் புகாரை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். "விசாரித்துவிட்டுத்தான் எஃப்.ஐ.ஆர்." என்கிறார் எஸ்.ஐ. நாங்கள் என்ன செய்வது?
- வாசகர், தென்மாவட்டம்

பதில்: சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீது மட்டும்தான். அதை வைத்துக் கைதும் நடக்காது, கோர்ட்டுக்கு எதுவும் போகாது, நிவாரணமும் வராது. பல வழக்குகள் இந்த ரசீதிலேயே முடங்கி, கடைசியில் "சமாதானமாகப் போங்கள்" என்று முடிந்துவிடுகின்றன.

பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் எஸ்.ஐ. சொல்வது எடுபடாது. அதில் 2018-ல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவு, எஃப்.ஐ.ஆர். போட முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்கிறது. அந்தப் பிரிவு செல்லும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இப்போது சிலர் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(3)-ல் உள்ள 14 நாள் விசாரணையைக் காட்டுவார்கள். வன்கொடுமைச் சட்டம் மற்ற சட்டங்களுக்கு மேலானது என்று அதன் 20-ஆம் பிரிவே சொல்வதை எடுத்துக் காட்டுங்கள்.

அடுத்து, அதே புகாரை மாவட்ட எஸ்.பி.க்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சி.எஸ்.ஆர். நகலையும் ஆஸ்பத்திரி ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகலையும் இணையுங்கள். அங்கும் அசைவில்லை என்றால், தபால் ரசீதுகளோடும் பிரமாணப் பத்திரத்தோடும் வன்கொடுமை வழக்குகளுக்கான தனி நீதிமன்றத்தில் மனு போடலாம். கடமையை வேண்டுமென்றே தட்டிக்கழிக்கும் அதிகாரிக்கு (பட்டியல் சாதி, பழங்குடியைச் சேராதவராக இருந்தால்) இந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை உண்டு. துறை விசாரணையின் பரிந்துரை இருந்தால்தான் அந்த வழக்கு நகரும் என்பதால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். ஆனால் எஸ்.பி.க்கு எழுதும் மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிடுவது நல்லது.

புகாரை எழுதும் விதத்தில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். உங்கள் சாதி, எதிரிகளின் சாதி இரண்டும் புகாரில் இருக்க வேண்டும். கூச்சப்பட்டு "தகாத வார்த்தைகளால் திட்டினார்" என்று எழுதிவிடாதீர்கள். வாயில் வந்த வார்த்தை எதுவோ அதை அப்படியே எழுதுங்கள். சம்பவம் நடந்த இடம், அப்போது அங்கே நின்றவர்கள் யார் யார் என்பதும் முக்கியம். சாதி சொல்லி இழிவுபடுத்தும் குற்றம் பொதுமக்கள் பார்வையில் நடந்திருக்க வேண்டும். நான்கு சுவருக்குள், வெளியாள் யாரும் இல்லாமல் நடந்தால் அந்தப் பிரிவு நிற்காது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் கூறியது.

எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். கைக்கு வந்ததும் முதலில் பிரிவுகள் எழுதிய கட்டத்தைப் பாருங்கள். 296(பி), 115(2), 351(2) என்று பி.என்.எஸ். (இ.பி.கோ.வுக்குப் பதில் வந்த சட்டம்) பிரிவுகள் மட்டும் இருந்தால் அது சாதாரண அடிதடி வழக்கு. உங்கள் விஷயத்தில் வன்கொடுமைச் சட்டத்தின் 3(1)(ஆர்) (இழிவுபடுத்துவது), 3(1)(எஸ்) (சாதியைச் சொல்லித் திட்டுவது) இருக்க வேண்டும். பொது இடத்தில் பைக், சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பதற்கென்றே 3(1)(இசட்.ஏ) இருக்கிறது, இதைத்தான் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று: அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கும்போது பயந்துபோய் "யாரென்று தெரியாது" என்று சொல்லிவிட்டால் அதுவே விபத்துப் பதிவேட்டில் ஏறிவிடும். பிறகு குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் கையில் எடுப்பார்.

கேள்வி: சாதிச் சான்றிதழ் கொண்டுவந்தால்தான் வழக்கு என்கிறார்கள். நாங்கள் இருளர்; சான்றிதழுக்கு மனு போட்டுக் காத்திருக்கிறோம்.

பதில்: எஃப்.ஐ.ஆருக்குச் சான்றிதழ் நிபந்தனை அல்ல. சான்றிதழைப் பெற வேண்டியது விசாரணை அதிகாரியின் வேலை. அவர் டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் விசாரித்தால் பிறகு வழக்கே ஆட்டம் காணும். பழங்குடிச் சான்றிதழைத் தருவது ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) என்பதால், எஃப்.ஐ.ஆர். நகலை இணைத்து அவருக்கு ஒரு நினைவூட்டல் மனு கொடுங்கள்.

கேள்வி: நிவாரணத் தொகை வழக்கு முடிந்த பிறகுதான் கிடைக்குமா?

பதில்: இல்லை. மத்திய விதிகளின்படி 3(1)(ஆர்), (எஸ்) குற்றங்களுக்கு ரூ.1 லட்சம்: எஃப்.ஐ.ஆர். போட்டதும் 25%, குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போனதும் 50%, தண்டனை கிடைத்ததும் 25%. கொலை என்றால் ரூ.8.25 லட்சம்: பிரேதப் பரிசோதனை முடிந்ததும் பாதி, குற்றப்பத்திரிகையின்போது மீதி. தமிழக அரசு இந்தத் தொகைகளை உயர்த்தியிருக்கிறது. அதனால் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் இப்போதைய அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்.

7 நாளில் நிவாரணம் தர வேண்டும் என்பது விதி. தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் பணம் இல்லாதது அல்ல, ஸ்டேஷனிலிருந்து எஃப்.ஐ.ஆர். நகலும் சான்றிதழ் விவரமும் கலெக்டர் அலுவலகத்துக்குப் போய்ச் சேராததுதான். நீங்களே ஒரு செட் நகலும் வங்கிப் பாஸ்புக் முதல் பக்கமும் நேரில் கொடுத்து, சீல் வைத்த ரசீது வாங்கிவிடுங்கள்.

கேள்வி: எங்களுக்குத் தெரியாமலே எதிரிகளுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. இது சரியா?

பதில்: சரியில்லை. வன்கொடுமைச் சட்டத்தின் 15ஏ பிரிவின்படி ஜாமீன் மனு உட்பட எந்த நடவடிக்கைக்கும் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே தகவல் தர வேண்டும், அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். இது வெறும் சம்பிரதாயம் அல்ல, கட்டாயம் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோட்டீஸ் வராததையே காரணமாக வைத்து ஜாமீனை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். 90 நாள் கெடு. தகுந்த காரணம் காட்டினால் 180 நாள் வரை நீளும். அதற்கு மேல் சட்டம் இடம் தரவில்லை.

வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்டக் கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வன்கொடுமைப் புகாருக்கென்றே 14566 என்ற உதவி எண் இருக்கிறது. கோர்ட்டுக்கு வந்துபோகும் பஸ் செலவும் அன்றைய படியும் உங்களுக்கும் சாட்சிகளுக்கும் உண்டு. கேட்காதவர்களுக்கு யாரும் கூப்பிட்டுத் தருவதில்லை.

கேள்வி: நாங்கள் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்கள். இந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்பது இந்து, சீக்கியர், பௌத்தர்களுக்கு மட்டும். மதம் மாறியதால் ஊர்க்காரர்கள் சாதியை மறந்துவிடுவதில்லை, சட்டம் மட்டும் மறந்துவிடுகிறது என்பதுதான் இதிலுள்ள அநியாயம். அடித்ததற்கும் மிரட்டியதற்கும் பி.என்.எஸ். பிரிவுகளில் புகார் கொடுங்கள். பழங்குடியினருக்கு இந்த மதக் கட்டுப்பாடு கிடையாது. கிறிஸ்தவராக இருந்தாலும் அவர்களுக்கு வன்கொடுமைச் சட்டம் பொருந்தும்.