நட்ட சுரபுன்னை பட்டுப்போனால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: வேதாரண்யம் பகுதியில் எங்கள் ஊர் இளைஞர்கள் சேர்ந்து, உப்பாற்றை ஒட்டிய வெற்றுத் திடலில் அலையாத்தி மர வகையான சுரபுன்னை நட்டோம். ஓராண்டுக்குள் பத்தில் எட்டு பட்டுவிட்டது. மிஞ்சியதும் வளரவில்லை. வரும் மழைக்காலத்தில் இன்னும் நெருக்கமாக நடலாமா? கோடையில் நல்ல தண்ணீர் ஊற்றினால் பிழைக்குமா? காடு வந்தால் இறாலும் மீனும் பெருகும் என்கிறார்களே, அதற்கு எத்தனை ஆண்டு ஆகும்?

பதில்: நெருக்கமாக நடாதீர்கள். இடம் சரியில்லாதபோது நாற்றைக் கூட்டினால் சாவும் கூடும், அவ்வளவுதான். உங்கள் உழைப்பில் குறையிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சுனாமிக்குப் பிறகு இலங்கையில் ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் அலையாத்தி, அதாவது கடல்நீர் வந்து போகும் சேற்றில் வளரும் மரங்களை, நட்டார்கள். 23 இடங்களை ஆராய்ந்து 2017-ல் வெளியான ஆய்வின்படி, அதில் உருப்படியாக நின்றது 200 ஹெக்டேரை ஒட்டித்தான். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட இல்லை. பிலிப்பைன்ஸிலும் பெரும் செலவில் நட்டவற்றில் நீண்ட காலம் பிழைத்தவை பத்துக்கு ஒன்றோ இரண்டோதான். இரண்டு நாட்டிலும் பெரிதும் நட்டது சுரபுன்னை இனங்களையே. அதன் நீண்ட விதைக்குச்சியைச் சேற்றில் குத்துவது எளிது, காலியான நிலமும் கண்முன் கிடக்கிறது. அந்த நிலம் ஏன் காலியாக இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

அலையாத்தி உயிரோடு இருப்பதை முடிவு செய்வது தரையின் உயரம். கடல்நீர் வந்து போக வேண்டும், தங்கக் கூடாது. பொதுவாக, மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீருக்கடியில் கிடக்கும் தரையில் கன்று நிலைக்காது. வேருக்குக் காற்று கிடைக்காது, தண்டில் பார்னக்கிள் என்ற ஓடுள்ள சிறு கடலுயிரி ஒட்டிக் கனத்துச் சாய்க்கும். மேடாக இருந்தாலும் ஆபத்துதான். அமாவாசை, பௌர்ணமி நாட்களின் கடல் ஏற்றம் மட்டும் எட்டிப் பார்க்கும் தரையில், இடைப்பட்ட நாட்களில் வெயில் நீரை உறிஞ்சிவிட்டு உப்பை விட்டுப்போகும். நம் சோழமண்டலக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டர்கூட இல்லை. அதனால் இங்கே ஒரு சாண் மேடு பள்ளமே வாழ்வா சாவா என்றாகிவிடுகிறது.

பட்ட கன்றுகளை உடனே பிடுங்கி எறியாதீர்கள். இலை சிறுத்துத் தடித்து, ஓரம் கருகி, தரையில் உப்புப் பூத்திருந்தால் உப்பு மிஞ்சிவிட்டது. திடலில் உப்பு மண்ணில் வளரும் உமரிச் செடி மட்டும் செழிப்பாக இருப்பதும் அதற்கு அடையாளம். அடித்தண்டு அழுகியோ வேரோடு பெயர்ந்தோ கிடந்தால் நீர் தேங்குகிறது, அல்லது இடம் தாழ்வு. நுனி கடிபட்டிருந்தால் ஆடு மாடு வந்திருக்கிறது. அதற்கு வேலி போதும், ஆனால் வேலி மற்ற இரண்டையும் தீர்க்காது.

அடுத்து, கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர் ட்யூபை எடுத்துக்கொள்ளுங்கள். அருகில் தானாக முளைத்து நன்றாக வளர்ந்து நிற்கும் அலையாத்தியின் வேரடித் தரைக்கும் உங்கள் திடலுக்கும் உயர வேறுபாட்டை அளந்து குறியுங்கள். அளவு குறித்த கம்புகளை நாலைந்து இடத்தில் நட்டு, ஒரு மாதம் முழுக்க ஏற்றம் எதுவரை வருகிறது, வடிய எவ்வளவு நேரமாகிறது என்று எழுதுங்கள். ஊரில் வலை போடுகிறவர்களிடம் கேட்டால் பாதி விவரம் அன்றைக்கே கிடைக்கும். இறால் பண்ணைக்காரர்களிடம் உப்பு பார்க்கும் கருவி இருக்கும். குழி தோண்டி, அதில் ஊறும் நீரைச் சோதியுங்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. இன்னொரு அலையாத்தி மரமான வெண்கண்டல் அதைவிட மிக அதிகமான உப்பையும் தாங்கும், உப்பை இலை வழியே வெளியேற்றவும் செய்யும். ஆனால் தாங்குவது வேறு, வளர்வது வேறு. பரிசோதனைகளில் அது நன்றாக வளர்ந்தது கடல்நீரில் பாதிக்கும் குறைவான உப்பில்தான். உங்களிடம் மிஞ்சிய சுரபுன்னை குன்றி நிற்பதற்கும் காரணம் பெரும்பாலும் உப்பாகத்தான் இருக்கும்.

குடத்தில் நல்ல தண்ணீர் ஊற்றுவது நாற்றங்காலுக்குச் சரி. திடலில் அது மறுநாளே ஆவியாகும், அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். உப்பைக் கழுவ ஓடுகிற நீர் வேண்டும்.

இதற்குப் பிச்சாவரத்தைவிட நல்ல பாடம் வேறில்லை. அங்கே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1970-கள் வரை காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். நிழல் போனதும் மண் காய்ந்து அமுங்கி, நடுப்பகுதி தாம்பாளம்போல் குழிந்தது. உள்ளே வந்த ஏற்றநீர் திரும்பவில்லை, தேங்கி வற்றி உப்பாகியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990-களில் செய்தது வாய்க்கால் வெட்டியதுதான். ஆற்றோடு இணைந்த முதன்மை வாய்க்கால், அதிலிருந்து மீன்முள் வடிவில் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். நீர் வந்து போகத் தொடங்கியதும் உப்பு குறைந்தது. பெரும்பாலும் வெண்கண்டலையே வாய்க்காலின் சரிவில், மூழ்கவும் காயவும் செய்யாத நடுவாக்கில் நட்டார்கள், பிழைத்தது. ஆகவே நீங்களும் வெண்கண்டலுக்கு மாறுங்கள். சுரபுன்னையை ஓடை விளிம்பில் ஈரம் காயாத இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெண்கண்டல் விதை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உங்கள் பக்கத்திலேயே உதிரும். நீரோட்டம் சரியாகி, அருகில் தாய்மரமும் இருந்தால் விதை மிதந்து வந்து தானே ஊன்றும். அப்போது நடவே தேவையிராது.

ஆனால் வனத்துறையிடம் அனுமதி பெறாமல் வாய்க்கால் வெட்டாதீர்கள். அலையாத்தி நிலம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் மிகக் கடுமையான பாதுகாப்புக்கு உட்பட்டது. தப்பான மட்டத்தில் வெட்டினால் இருப்பதும் சாகும். உங்கள் ஒரு மாத அளவுக் குறிப்போடு போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

இறாலும் மீனும் வருவது மரத்தின் உயரத்துக்காகக் காத்திருப்பதில்லை. வெள்ளை இறால் கடலில் முட்டையிடும், அதன் குஞ்சுகள் ஏற்றநீரோடு கழிமுகம் வழியே உள்ளே வந்து வளரும். மடவை, கொடுவா குஞ்சுகளும் அப்படியே. வாய்க்கால் திறந்த முதல் ஆண்டிலேயே அவை நுழைவதைப் பார்க்கலாம். ஒதுங்க வேரும், தின்ன மக்கிய இலையும் சேரச் சேரத்தான் தங்கும் அளவு கூடும். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், வெஸ்ட் லேக் என்ற இடத்தில் மண்மேட்டை அகற்றி ஓடைகளைத் திறந்தபோது, இயற்கைக் காட்டுக்கு நிகராக மீன் வகைகள் திரும்ப மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆனது. அங்கே ஒரு கன்றும் நடவில்லை. உங்கள் முகத்துவாரம் கோடையில் மணல் தூர்ந்து மூடிக்கொள்கிறதா என்பதையும் குறிப்பில் சேருங்கள். அது மூடியிருக்கும் மாதங்களில் குஞ்சும் வராது, திடலில் உப்பும் ஏறும்.