கம்யூனிட்டி காலேஜில் எக்கனாமிக்ஸ்: வாசகர் கேள்வி – பதில்

(பதில் எழுதுபவர் கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ், அதாவது இரண்டு வருடப் பொதுக் கல்லூரி, ஒன்றில் மாணவியாக இருந்து, பிறகு பல வருடம் அங்கேயே பொருளாதாரம் நடத்தியவர்.)

கே: ஃப்ரீமாண்டில் இருக்கிறோம். மகன் இந்த வருடம் ஹைஸ்கூல் முடிக்கிறான். தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. அவனோ, "கம்யூனிட்டி காலேஜில் ரெண்டு வருஷம் எக்கனாமிக்ஸ் படிச்சுட்டு யூ.சி.க்கு (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) மாறிக்கிறேன்" என்கிறான். சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது?

ப: சொந்தக்காரர்களைச் சமாளிப்பது என் பாடத்தில் வராது. ஆனால் பையன் கணக்குப் போட்டுத்தான் பேசுகிறான். கலிஃபோர்னியாவில் குடியிருப்பவர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் கிரெடிட்) கட்டணம் 46 டாலர். மூன்று யூனிட் மைக்ரோ (தனி நபர், நிறுவன அளவிலான பொருளாதாரம்) வகுப்பு 138 டாலரில் முடிந்துவிடும். யூ.சி.க்கு மாறத் தேவையான 60 செமஸ்டர் யூனிட்டும் சேர்த்தால் 2,760. புத்தகமும் பார்க்கிங்கும் தனி. அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தின் பில்லை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

யூ.சி.க்கு மாறுபவர்களுக்கு 'டேக்' என்ற இட உத்தரவாதத் திட்டமும் உண்டு. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது கேட்கும் பாடங்களும் மதிப்பெண்ணும் இருந்தால் இடம் உறுதி. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ இதில் கிடையாது. அங்கே போட்டி போட்டுத்தான் போக வேண்டும். 'டேக்' விண்ணப்பம் செப்டம்பர் மாதம் மட்டும். இவன் கல்லூரியின் எந்தப் பாடத்தை எந்த வளாகம் ஏற்கும் என்பது 'அசிஸ்ட்' இணையதளத்தில் இருக்கிறது. கல்லூரியின் கவுன்சிலரை (படிப்பு ஆலோசகரை) பார்க்கப் போகும்போது அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். வெறுங்கையோடு போனால் பொதுவான புத்திமதிதான் கிடைக்கும்.

என் கவலையெல்லாம் கணக்குப் பாடம்தான். என் வகுப்பில் ஒரு பையன், மைக்ரோ, மேக்ரோ (நாட்டளவிலான பொருளாதாரம்) இரண்டிலும் 'ஏ'. மாறுவதற்குத் தேவையான கால்குலஸை மட்டும் "அடுத்த செமஸ்டர் மேடம், அடுத்த செமஸ்டர்" என்று தள்ளிக்கொண்டே போனான். கால்குலஸுக்கு முன்னால் ப்ரீகால்குலஸ் முடிக்க வேண்டும் என்பது அவனுக்கு நான்காவது செமஸ்டரில்தான் உறைத்தது. மற்ற எல்லாம் தயார், அந்த ஒரு பாடத்துக்காக முழுதாக ஒரு வருடம் கூடுதலாக உட்கார்ந்தான். ஆபர்ச்சூனிட்டி காஸ்ட், அதாவது ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் நாம் இழக்கும் இன்னொன்றின் மதிப்பு, பற்றி அவன் பரீட்சையில் எழுதிய விடைக்கு நானே முழு மதிப்பெண் போட்டிருந்தேன்! உங்கள் மகன் முதல் செமஸ்டரிலேயே கணக்கில் பதிந்துகொள்ளட்டும். மற்றதெல்லாம் தானாக வரும்.

கே: கணவருக்கு ஹெச்-1பி வேலை விசா, எனக்கு அவரைச் சார்ந்த ஹெச்-4 விசா. வயது 38. பி.காம். முடித்துப் பதினாறு வருடம் ஆகிறது. இப்போது பொருளாதாரம் படிக்க ஆசை. பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்காரக் கூச்சமாக இருக்கிறது.

ப: மாலை வகுப்பில் போய்ப் பாருங்கள். வேலையிலிருந்து நேராக யூனிஃபார்மோடு வருபவர், ராணுவத்திலிருந்து திரும்பியவர், பேரன் எடுத்த பாட்டி என்று எல்லோரும் இருப்பார்கள். உங்களை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஹெச்-4இல் படிக்கலாம், தடையில்லை. ஒரு வருடத்துக்கு மேல் மாநிலத்தில் குடியிருந்தால் உள்ளூர்க் கட்டணம் கிடைக்க வாய்ப்புண்டு. வரி தாக்கல், வாடகை ஒப்பந்தம், டிரைவிங் லைசென்ஸ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அட்மிஷன் அலுவலகத்துக்குப் போங்கள்.

நானும் 36 வயதில்தான் போய் உட்கார்ந்தேன். முதல் தேர்வில் ஒரு கேள்வி: பெட்ரோல் விலை ஏறினால் பெட்ரோலின் டிமாண்ட் கோடு (எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் கோடு) என்ன ஆகும்? விலை ஏறினால் வாங்குவது குறையும், எனவே கோடு இடப்பக்கம் நகரும் என்று அழகாகப் படம் போட்டு, அம்புக்குறியும் வைத்தேன். பத்துக்குப் பூஜ்யம். பக்கத்தில் ஆசிரியர் சிவப்பு மையில், "கோடு அதே இடத்தில்தான் இருக்கிறது. நீங்கள்தான் அதன்மேல் நகர்ந்திருக்கிறீர்கள்" என்று எழுதியிருந்தார். வருமானமோ, ரசனையோ, பஸ் கட்டணமோ மாறினால்தான் கோடே இடம்பெயரும். அந்தப் பொருளின் சொந்த விலை மாறினால் அதே கோட்டில் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குப் போகிறோம், அவ்வளவுதான். பிறகு நான் ஆசிரியையாகி, இதே தவற்றுக்கு எத்தனை பேருக்குப் பூஜ்யம் போட்டேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

கணக்கு தெரிந்தவர்கள் இன்னோர் இடத்தில் தடுமாறுவார்கள். விலையைப் பொறுத்துத்தான் அளவு மாறுகிறது என்கிறோம். அப்படியானால் விலை கிடை அச்சில் அல்லவா இருக்க வேண்டும்? நாமோ நின்ற அச்சில் போடுகிறோம். ஆல்ஃபிரட் மார்ஷல் என்ற பழைய ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் காலத்துப் பழக்கம் அப்படியே தங்கிவிட்டது. காரணம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

கே: திருச்சியில் பிளஸ் டூ முடித்திருக்கிறேன். எஃப்-1 மாணவர் விசாவில் கம்யூனிட்டி காலேஜுக்கு வந்தால் மலிவாக முடியும் என்கிறார்கள். உண்மையா?

ப: தம்பி, மேலே சொன்ன 46 டாலர் உங்களுக்கு இல்லை. வெளிநாட்டு மாணவர்களுக்கு யூனிட் கட்டணம் அதைப்போலப் பல மடங்கு. அது கல்லூரி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். செமஸ்டருக்குக் குறைந்தது 12 யூனிட் படித்தே ஆக வேண்டும். வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணிநேரம் வரைதான் வேலை. "வெளியில் பார்ட் டைம் பார்த்துக் கட்டணத்தைக் கட்டிக்கொள்ளலாம்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள், விசாவே போய்விடும். நான்கு வருடம் பல்கலைக்கழகத்தில் படிப்பதோடு ஒப்பிட்டால் மலிவுதான். வாடகையையும் மருத்துவ இன்சூரன்ஸையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வீட்டில் பேசுங்கள்.

அப்புறம், மாறிப்போகும் பல்கலைக்கழகத்தில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரணப் பொருளாதாரப் பட்டத்துக்குப் படிப்புக்குப் பின் 12 மாதம்தான் வேலை அனுமதி. பட்டங்களை வகைப்படுத்தும் அரசுப் பட்டியலில் 45.0603 என்ற குறியீட்டில் வரும் கணிதம் சார்ந்த பொருளாதாரம் என்றால், அதற்குமேல் 24 மாதம் நீட்டிப்பு கேட்கலாம். ஒரே துறையில் இரண்டு பட்டமும் இருக்கும், பெயரிலும் அவ்வளவாக வித்தியாசம் தெரியாது. இங்கேயும் கணக்குதான் வந்து நிற்கிறது, பார்த்தீர்களா?

கே: முதலில் மைக்ரோவா, மேக்ரோவா? புத்தகம் 200 டாலர் சொல்கிறார்களே?

ப: மைக்ரோ. புத்தகத்துக்குக் காசு கொடுக்கும் முன், ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் இலவசமாகத் தரும் பொருளாதார நூல் போதுமா என்று ஆசிரியருக்கு ஒரு மெயில் போடுங்கள். மிச்சமாகும் பணத்தில் ஒரு கால்குலேட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். தேர்வில் போனை எடுக்க நான் யாரையும் விட்டதில்லை.