முதலில் கங்காணியைத் தேடுங்கள்

அன்புள்ள ஐயாவுக்கு,

என் தாத்தாவின் அண்ணன் சின்ன வயதிலேயே கண்டிச்சீமைக்குப் போனவர். திரும்பி வரவே இல்லை. 1950 வாக்கில் அவர் போட்ட கடிதம் ஒன்று கவரோடு வீட்டில் இருக்கிறது. மொரீஷியஸில் பழைய பதிவேட்டைப் பார்த்துக் கப்பல் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் எடுத்துக் கொடுக்கிறார்களாமே, இலங்கையில் அதுபோல எங்கே எழுதிக் கேட்பது?

பேரையூரிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

மொரீஷியஸ் கதை வேறு. 1834-லிருந்து அங்கே போனவர்கள் ஒப்பந்தக் கூலிகள். ஆளுக்கொரு எண் கொடுத்து, தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் இருந்த தழும்பு வரை எழுதிக்கொண்டார்கள். அந்தப் பதிவேடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்டில் இருக்கின்றன. வெள்ளைக்காரனின் கணக்குப்பிள்ளைத்தனம் இன்று பேரப்பிள்ளைகளுக்கு உதவுகிறது.

இலங்கைக்கு நம்மவர்கள் அப்படிப் போகவில்லை. தோட்ட வேலைக்கு ஆள் சேர்த்து, அவர்களை மேற்பார்க்கும் கங்காணி ஊருக்கு வருவார். முன்பணம் கொடுத்து, பங்காளி, மாமன் மச்சான் என்று ஆள்கட்டிக் கூட்டிப்போவார். ஆரம்பத்தில் தோணியில் மன்னாருக்குப் போய், அங்கிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடை. 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடி வரை ரயில், அப்புறம் தலைமன்னாருக்குக் கப்பல். ஆகவே ராமசாமி என்றோ கருப்பையா என்றோ ஒற்றைப் பெயரை வைத்துக்கொண்டு தேடினால் ஆயிரம் பேர் வருவார்கள். எந்தக் கங்காணியோடு போனார், எந்தத் தோட்டம் என்று தேடுங்கள்.

உங்களிடம் இருக்கும் கடிதத்தைவிட அதன் கவர்தான் முக்கியம். கடிதத்தில் பெரும்பாலும் 'நலம், நலமறிய ஆவல்' இருக்கும், பணம் அனுப்பிய கணக்கு இருக்கும். கவரில் தபால் முத்திரை இருக்கும். ஹட்டனா, பதுளையா, நாவலப்பிட்டியா என்று அது சொல்லிவிடும். அனுப்புநர் முகவரியில் தோட்டத்தின் பெயர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். துரைமார் வைத்த பெயர் ஒன்று, நம் ஆட்கள் கூப்பிட்ட பெயர் ஒன்று என்று பல தோட்டங்களுக்கு இரண்டு பெயர் உண்டு. கொழும்பில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கோ, பிறப்பு இறப்புப் பதிவு கேட்டுப் பிரதேச செயலகத்துக்கோ எழுதும்போது இங்கிலீஷ் பெயர் வேண்டும்.

கங்காணி பெயர் கவரில் இல்லாவிட்டால் அது பேரையூரிலேயே கிடைக்கலாம். கொழும்புக்காரர் வீடு, கண்டிக்காரர் வீடு என்று யாரையாவது சொல்வார்கள். அவர்களிடமும் உங்கள் பங்காளிகளிடமும் பழைய மொய் நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நம் பக்கத்தில் வேறு எந்தக் காகிதம் போனாலும் மொய் நோட்டு போகாது! ஊர் போட்டுப் பெயர் எழுதியிருப்பார்கள். கங்காணி லீவில் வந்தபோது செய்த மொய் அதில் இருக்க வாய்ப்பு அதிகம். குலதெய்வக் கோயில் வரிக் கணக்கையும் விடாதீர்கள்.

காலத்தையும் ஓரளவு குறுக்கலாம். 1939-ல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் போவதைத் தடை செய்தது. அதற்கு முன்னால்தான் அவர் போயிருப்பார்.

இன்னொன்று. அவர் பிள்ளைகள் இலங்கையில்தான் இருப்பார்கள் என்று நீங்களாக முடிவு செய்துவிட்டீர்கள். 1948-ன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒத்துக்கொண்டது. திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழக அரசே நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட்டது. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இன்றும் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தோம், யார் கங்காணி என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கிறார்கள். கொழும்புக்கு டிக்கெட் போடுவதற்கு முன்னால் அங்கே ஒருமுறை போய் விசாரித்துவிடுங்கள்.